தண்ணீரை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்

கேள்வி:

வணக்கம் சார். கோயம்புத்தூரில் 11 பேர் கொண்ட சின்ன கேம் ஸ்டுடியோ எங்களுடையது. நானும் என் கல்லூரி நண்பனும் பங்குதாரர்கள். கணக்கு வழக்கு, ஆள் எடுப்பது, பப்ளிஷரிடம் பேசுவது என் பொறுப்பு. கோட் முழுக்க அவன் பொறுப்பு. 2016-லிருந்து அவனே சி பிளஸ் பிளஸ்ஸில் எழுதி வளர்த்த எஞ்சினில்தான், அதாவது படம், ஒலி, அசைவு எல்லாவற்றையும் உள்ளிருந்து ஓட்டும் மென்பொருளில்தான், முதல் கேமை முடித்து ஸ்டீம் என்ற இணையக் கடையில் விட்டோம். கையைக் கடிக்கவில்லை, பெரிய லாபமும் இல்லை. இப்போது ஏரிப் பாசனத்தை வைத்து இரண்டாவது கேம். மதகைத் திறந்து, மடை மாற்றி, கடைமடை வரை தண்ணீர் கொண்டுபோக வேண்டும். பாதிக்கு மேல் முடிந்துவிட்டது. பப்ளிஷர் ஸ்விட்ச், பிளேஸ்டேஷன் கன்சோல்களிலும் வேண்டும் என்கிறார். புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு, எல்லாரும் பயன்படுத்தும் யூனிட்டி எஞ்சினோ அன்ரியல் எஞ்சினோதான் தெரிகிறது. எங்கள் எஞ்சினைப் பழக ஐந்தாறு மாதம் ஆகிறது. போன மழைக்காலத்தில் நண்பனுக்கு டெங்கு வந்து 18 நாள் படுத்துவிட்டான். அந்த 18 நாளும் ஒரு பில்ட்கூட (ஓட்டிப் பார்க்கத் தயாரான கேம் பதிப்பு) வெளியே போகவில்லை. எஞ்சினை மாற்றலாமா என்று கேட்டால் முகம் வாடிவிடுகிறது. "தண்ணி ஓடுறதே நம்ம எஞ்சினாலதான். அதை விட்டா நம்மகிட்ட வேற என்ன இருக்கு?" என்கிறான். மாற்றலாமா? மாற்றினால் எதற்கு மாற்றுவது?

பதில்:

நடந்துகொண்டிருக்கிற கேமை மாற்றாதீர்கள். பி.சி. பதிப்பை இப்போதிருக்கும் எஞ்சினிலேயே முடித்து ஸ்டீமில் விடுங்கள். கன்சோல் பதிப்பை வேறு எஞ்சினில் செய்யுங்கள். அடுத்த கேம் அந்தப் புது எஞ்சினிலேயே பிறக்கட்டும். தண்ணீர் மட்டும் மூன்றிலும் உங்கள் நண்பர் எழுதியதாகவே இருக்க வேண்டும்.

ஒரே நாளில் மாற்றிவிடுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராததற்கு ஒரு பழைய கதை உண்டு. பத்துப் பன்னிரண்டு வருடம் முன்பு பெங்களூரில் ஒரு ஸ்டுடியோவில் இருந்தேன்; பெயர் வேண்டாம். சுவர் ஏறித் தாவி ஓடும் கேம், சொந்த எஞ்சின். அறுபது சதவீதம் முடிந்திருந்தபோது முதலாளி எங்கோ ஒரு பளபளப்பான டெமோ பார்த்துவிட்டு வந்தார். "நாலு மாசத்துல மாத்திரலாம்ல?" என்றார். எல்லாரும் தலையாட்டினோம், நானும்தான். படம், ஒலி, லெவல் எல்லாம் உண்மையிலேயே நாலு மாதத்தில் வந்துவிட்டன. தாவல் வரவில்லை. அதே உயரம், அதே வேகம், அதே எண்கள். ஆனால் பழைய பில்டில் கை பழகிய டெஸ்டர் பையன் இரண்டே நிமிடத்தில் கண்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டு, "சேத்துல கால வச்ச மாதிரி இருக்கு சார்" என்றான்.

மூன்று வாரம் தேடினோம். பழைய எஞ்சின், பட்டன் அழுத்தியதைப் படித்த அதே ஃபிரேமில், அதாவது திரையில் வரையும் அதே ஒரு படத்துக்குள், தாவலைக் கணக்கிட்டு அதே ஃபிரேமில் வரைந்துவிடும். புதியதில் நாங்கள் இணைத்திருந்த விதத்தில், பட்டனைப் படிப்பது ஒரு ஃபிரேமிலும் கணக்கு அடுத்த ஃபிரேமிலும் நடந்தன. நொடிக்கு 60 ஃபிரேம் என்றால் வித்தியாசம் ஏறக்குறைய 16 மில்லிசெகண்ட். அந்த ஒரு ஃபிரேம் எந்தக் குறிப்பிலும் எழுதப்பட்டிருக்கவில்லை. எழுதிய ஆளுக்கே தெரியாது. அதைச் சரிசெய்தால் சரிவில் வழுக்குவது கெட்டது, அதைச் சரிசெய்தால் கயிற்றில் தொங்குவது கெட்டது. நாலு மாதம் பதினான்கு மாதமாயிற்று, காசு தீர்ந்தது, கேம் வெளிவரவே இல்லை.

பெரிய இடங்களிலும் இந்தக் கூத்து நடந்திருக்கிறது. டியூக் நியூகெம் ஃபாரெவர் என்ற கேமை 1997-ல் குவேக் 2 எஞ்சினில் அறிவித்தார்கள், 1998-ல் அன்ரியலுக்குத் தாவினார்கள், கடைக்கு வந்தது 2011-ல். தாமதத்துக்கு எஞ்சின் ஒன்றே காரணமில்லை. ஆனாலும் முதல் சறுக்கல் அங்கேதான். கொனாமி கதை இன்னும் கிட்டத்தில் நடந்தது. பல வருடம் தன் ஃபாக்ஸ் எஞ்சினில் கால்பந்து கேம் விட்டுக்கொண்டிருந்த நிறுவனம், அன்ரியலுக்கு மாறி 2021 செப்டம்பர் 30 அன்று ஈஃபுட்பாலை வெளியிட்டது. முகம் கோணிய வீரர்களின் படங்கள் அன்று மாலைக்குள் உலகம் சுற்றிவிட்டன. நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. முழுமையான 1.0 பதிப்பு வர 2022 ஏப்ரல் ஆயிற்று. உங்கள் டீமில் யாராவது நிச்சயம் ஆடியிருப்பார்கள், கேட்டுப் பாருங்கள். அன்ரியல் மோசமான எஞ்சின் என்பதால் வந்த வினை இல்லை அது. பழைய எஞ்சினில் வருடக்கணக்காகத் தேய்ந்து தேய்ந்து பதமான விஷயங்களைத் தேதிக்குள் புதிய இடத்தில் நட முடியவில்லை.

மாறுகிறவர்கள் எல்லாரும் சொல்லும் பெயர் போலந்தின் கேம் நிறுவனமான சிடி ப்ராஜெக்ட் ரெட். விட்சர் கேமின் முதல் பாகத்தை 2007-ல் பயோவேரின் அரோரா எஞ்சினை வாங்கித் திருத்திச் செய்தார்கள். 2011-ல் இரண்டாம் பாகம் முதல் சொந்த ரெட்எஞ்சின். அதன் பிறகு ஒவ்வொரு பெரிய கேமுக்கும் எஞ்சினையும் சேர்த்தே திருப்பி எழுதும் நிலை. 2020 டிசம்பரில் அவர்களின் சைபர்பங்க் 2077 எத்தனை கோளாறுகளோடு வந்தது என்று உங்களுக்குத் தெரியும். சோனி தன் கடையிலிருந்தே அதைத் தூக்கியது, திரும்ப வைத்தது 2021 ஜூனில். 2022 மார்ச்சில், அடுத்த விட்சர் அன்ரியல் 5-ல் என்று அறிவித்தார்கள். கதையை இந்த இடத்தில் நிறுத்திவிட்டு "பாருங்கள், அவர்களே மாறிவிட்டார்கள்" என்பார்கள். அந்த அறிவிப்புக்குப் பிறகு 2023 செப்டம்பரில் வந்த, சைபர்பங்கின் கூடுதல் பாகமான ஃபாண்டம் லிபர்ட்டி பழைய ரெட்எஞ்சினில்தான் வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அடுப்பில் இருந்த சோற்றை வேறு பானைக்கு மாற்றவில்லை அவர்கள். அன்ரியலையும் வாங்கியபடியே வைத்துக்கொள்ளவில்லை; அதைச் செய்யும் எபிக் நிறுவனத்துடன் சேர்ந்து தங்கள் பெரிய திறந்தவெளி உலகத்துக்கு ஏற்ப வளைக்கிறார்கள். 2025 ஜூனில் காட்டிய டெமோ அந்தக் கூட்டு வேலைதான். ஆக, எஞ்சினை மாற்றினால் எஞ்சின் வேலை ஒழிந்தது என்று எண்ண வேண்டாம்.

ஹேலோ கேம் வரிசையைத் தயாரிப்பவர்கள் 2024 அக்டோபரில் ஸ்டுடியோவின் பெயரையே மாற்றிக்கொண்டு அன்ரியலுக்கு வந்தபோது, தங்கள் சொந்த ஸ்லிப்ஸ்பேஸ் எஞ்சினின் சில பகுதிகளுக்கு ஏறக்குறைய 25 வயது என்று அவர்களே சொன்னார்கள். உங்களுடையதற்கு அவ்வளவு வயதில்லை. ஆனால் ஹேலோ எஞ்சினைத் தெரிந்தவர்கள் ஒரு படையே இருந்தார்கள். உங்களுடையதைத் தெரிந்தவர் ஒருவர். வயதைவிட எனக்குப் பயம் தருவது அது.

உங்கள் நண்பர் பக்கமும் நியாயம் இருக்கிறது. நொய்டாவைப் பாருங்கள். டெல்லி பக்கத்து ஊர் இல்லை; ஃபின்லாந்துக்காரர்கள் செய்த கேம். திரையின் ஒவ்வொரு பிக்சலும் மணலாக, எண்ணெயாக, தீயாகத் தனித்தனியே கணக்கிடப்படுகிறது. கடையில் வாங்கும் எஞ்சினை அப்படியே வைத்து அதைச் செய்ய முடியாது என்பதால் சொந்தமாக எழுதினார்கள். பிராகாவில் ஃபாக்டோரியோ செய்தவர்களும் அப்படித்தான். கேப்காம் 2017-ல் ரெசிடென்ட் ஈவில் 7-க்கு எழுதிய ஆர்.ஈ. எஞ்சினில் டெவில் மே க்ரை, ஸ்ட்ரீட் ஃபைட்டர், மான்ஸ்டர் ஹன்டர் என்று வரிசையாக விடுகிறது. கேப்காமுக்குக் கட்டுப்படியாகிறது என்றால், ஒரு எஞ்சின் செலவைப் பத்துக் கேம் பகிர்ந்துகொள்கிறது. நீங்கள் நாலைந்து வருடத்துக்கு ஒரு கேம் விடுகிறீர்கள். முழுச் செலவும் அந்த ஒன்றின் தலையில். நொய்டாவுக்குக் கட்டுப்படியாகிறது என்றால், எஞ்சின்தான் அங்கே கேமே.

உங்கள் எஞ்சினில் எது கேம்? விண்டோ திறப்பது, படத்தைத் திரையில் வரைவது, ஒலி, கண்ட்ரோலர், மெனு, சேவ் ஃபைல் எல்லாம் யார் வேண்டுமானாலும் இலவசமாகத் தருவார்கள். உங்கள் நண்பர் எழுதியதைவிட நன்றாகவே தருவார்கள். கோபித்துக்கொள்ள வேண்டாம் என்று சொல்லுங்கள். தண்ணீர் அப்படியில்லை. யூனிட்டியிலும் அன்ரியலிலும் இருக்கும் இயற்பியல், பந்து உருள்வதற்கும் பெட்டி விழுவதற்கும் எழுதப்பட்டது. கண்ணுக்கு அழகாகத் தண்ணீர் காட்டும் வசதியும் உண்டு. ஆனால் கடைமடை வயலுக்கு எவ்வளவு தண்ணீர் போய்ச் சேர்ந்தது, ஏரியில் மிச்சம் எவ்வளவு என்று துளி பிசகாமல் கணக்குச் சொல்ல அது ஆகாது. உங்கள் கேமில் அந்தக் கணக்குதான் ஆட்டமே. இந்த வகை நிரலில் நான் பார்த்த பொதுவான கோளாறு ஒன்று: தரையின் ஒவ்வொரு கட்டத்திலும் உள்ள நீரைத் தசம எண்ணில் வைத்தால், பல்லாயிரம் கணக்குச் சுற்றுக்குப் பிறகு ஏரியிலிருந்து கொஞ்சம் தண்ணீர் எங்கோ காணாமல் போயிருக்கும். விவரம் தெரிந்தவர்கள் முழு எண்ணில் வைப்பார்கள். உங்கள் நண்பர் எப்படி வைத்திருக்கிறார் என்று கேளுங்கள். கேட்டதும் அரை மணி நேரம் உற்சாகமாகப் பேசினால், சரியான ஆளைத்தான் பங்குதாரராகச் சேர்த்திருக்கிறீர்கள்.

அடுத்து அவரிடம் ஒரு வேலை கேளுங்கள். திரையே இல்லாமல் தண்ணீர் ஓட வேண்டும். கறுப்பு விண்டோவில் ஒரு சின்ன நிரல். லெவலைப் படித்து, குறிப்பிட்ட சுற்றில் குறிப்பிட்ட மதகைத் திறந்து, 10,000 சுற்று ஓட்டி, ஒவ்வொரு வயலிலும் எவ்வளவு தண்ணீர் என்று எண்களாக அச்சிட வேண்டும். இரண்டு நாளில் கொடுத்துவிட்டால் உங்கள் பாடு சுலபம். "முடியாது, தண்ணி கோட்-க்குள்ளயே வரையிற கோட் இருக்கு, மவுஸ் படிக்கிற கோட் இருக்கு" என்றால், எஞ்சின் மாற்றம் பற்றிய பேச்சையே மூடிவைத்துவிட்டு அந்த முடிச்சை முதலில் அவிழ்க்க வேண்டும். பி.சி. பதிப்பு வேலைக்கு நடுவிலேயே கொஞ்சம் கொஞ்சமாகச் செய்யலாம், கேமும் கெடாது. அச்சான எண்களைப் பத்திரமாக வையுங்கள். நாளைக்கு வேறு எஞ்சினில் அதே லெவல் அதே எண்களைத் தரவில்லை என்றால் எங்கோ பிசகு என்று ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். எங்கள் தாவலுக்கு இப்படி ஒரு அளவுகோல் இருந்திருந்தால் அந்த மூன்று வாரம் மிஞ்சியிருக்கும்.

பிரித்தெடுத்த பிறகு நான் சொல்லும் வழிக்கு முன்மாதிரி இருக்கிறது. ஆப்ளிவியன் என்ற பழைய கேமுக்கு 2025 ஏப்ரலில் வந்த ரீமாஸ்டரில் திரையில் தெரிவதையெல்லாம் அன்ரியல் 5 வரைகிறது. உள்ளே கேமை ஓட்டுவது, அதைச் செய்த பெத்தெஸ்டா நிறுவனத்தின் பழைய எஞ்சின். பழைய மூளைக்குப் புது முகம். உங்கள் கன்சோல் பதிப்பும் அப்படியே. கேம் அதற்குள் முடிந்திருக்கும், எந்த லெவலும் இனி மாறாது, எது சரியென்று ஒப்பிட பி.சி. பதிப்பு கையில் இருக்கும். புது எஞ்சினைப் பழக இதைவிட நல்ல வேலை கிடைக்காது. புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்கும் முதல் நாளிலிருந்தே தெரிந்த கருவி. பப்ளிஷரிடம் பி.சி. முதலில், கன்சோல் எட்டுப் பத்து மாதம் கழித்து என்று கேளுங்கள். பல பேர் ஒத்துக்கொள்வார்கள். ஒப்பந்தத்தில் எல்லாம் ஒரே நாளில் என்று எழுதி, தவணைப் பணமும் அதில் கட்டப்பட்டிருந்தால் இன்றைக்கே பேச்சைத் தொடங்கிவிடுங்கள்.

எதற்கு மாறுவது? அன்ரியல் உங்களுக்கு வேண்டாம். ஒரு கேம் 10 லட்சம் டாலர் வருமானம் தாண்டும் வரை ராயல்டி கிடையாது, அதற்கு மேல் 5% என்பது நல்ல பேரம்தான். ஆனால் மேலிருந்து பார்க்கும் வயல் வரப்புக்கு அது வாழைக்காய் நறுக்க அரிவாள். மிச்சம் யூனிட்டியும், கோடோ என்ற இலவச எஞ்சினும். யூனிட்டிக்கு ஆள் கிடைக்கும், கன்சோலுக்குப் போகும் பாதை தேய்ந்த பாதை. 2023 செப்டம்பரில், கேம் ஒவ்வொரு முறை இன்ஸ்டால் ஆகும்போதும் கட்டணம் என்று ஒரு நாள் காலையில் அறிவித்தார்கள். ஊரே கொந்தளித்தது, அடுத்த மாதமே சி.இ.ஓ. போனார், ஒரு வருடம் கழித்துக் கட்டணத்தையே கைவிட்டார்கள். திரும்ப வராது என்று நான் கையெழுத்துப் போடமாட்டேன். கோடோ எம்.ஐ.டி. என்ற திறந்த உரிமத்தில் வருகிறது, யாரும் விலை ஏற்ற முடியாது. ஸ்லே தி ஸ்பயர் என்ற சீட்டு கேமின் இரண்டாம் பாகத்தை, பாதி வேலையில் யூனிட்டியிலிருந்து அதற்குத்தான் மாற்றினார்கள். என் பேச்சுக்கு எதிர்ச்சாட்சி என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். முறை வைத்து ஆடும் சீட்டு கேமில் 16 மில்லிசெகண்ட் யார் கண்ணிலும் படாது. கோடோவில் இருக்கும் சிக்கல் கன்சோல். கன்சோல் நிறுவனங்களின் ரகசிய ஒப்பந்தம் காரணமாகக் கன்சோல் கோட் பொதுவில் கிடையாது. டபிள்யூ4 கேம்ஸ் போன்ற நிறுவனங்களிடம் பெரும்பாலும் காசு கொடுத்து வாங்க வேண்டியிருக்கும். விலை கேட்டுவிட்டு முடிவெடுங்கள். எனக்கு மனம் கோடோ பக்கம் சாய்கிறது. சி பிளஸ் பிளஸ்ஸில் எழுதிய நிரல் நூலகத்தை நேரடியாகச் செருகலாம், முழு சோர்ஸும் திறந்து கிடக்கிறது, உங்கள் நண்பர் மாதிரி ஆட்கள் படித்துத் திருத்திக்கொள்ளலாம். பப்ளிஷர் தேதியில் பிடிவாதமாக இருந்தால் யூனிட்டி.

முடிவெடுக்கும் முன் இரண்டிலும் "கொடு" என்று எழுதிப் பாருங்கள். ஏரி, மதகு என்று வைத்துவிட்டுத் தமிழ் இல்லாமல் விடமாட்டீர்கள் என்று நினைக்கிறேன். யூனிகோடில் க-வுக்குப் பிறகுதான் ஒகரக்குறி வருகிறது. திரையிலோ கொம்பு முன்னால் போக வேண்டும், கால் பின்னால் வர வேண்டும். குறிக்கு ஒரு படம் என்று வரிசையாக ஒட்டும் எஞ்சினில் கொம்பும் காலும் க-வுக்குப் பின்னால் போய் ஒட்டிக்கொள்ளும். கோடோ 4, எழுத்துகளைக் கோத்துத் தரும் ஹார்ஃப்பஸ் என்ற நிரல் நூலகத்தை உள்ளே வைத்திருப்பதால் சரியாக வரும். யூனிட்டியில் எழுத்துகளைக் காட்டும் டெக்ஸ்ட்மெஷ் ப்ரோ இந்திய எழுத்துகளை அப்படிக் கோத்துத் தராது, வேறு வழி தேட வேண்டும். உங்கள் சொந்த எஞ்சினில் எப்படி வருகிறது? தமிழ் வாசகங்களை ஃபோட்டோஷாப்பில் எழுதிப் படமாக வைத்திருக்கிறீர்கள் என்று பந்தயம் கட்டுகிறேன். ஹார்ஃப்பஸ் இலவசம், அதிலேயே சேர்த்துவிடலாம்.

பி.சி. பதிப்பு முடியும் வரை லெவல் டிசைனரைக் காயவிடாதீர்கள். ஒரு நாள் அவர் பக்கத்தில் போய் உட்காருங்கள். மதகு இருக்கும் இடத்தை டெக்ஸ்ட் ஃபைலில் மாற்றி, சேவ் செய்து, கேமை மூடி, திறந்து, அந்த இடத்துக்குப் போய்ப் பார்த்து, ஒரு கட்டம் தள்ளிப்போய்விட்டது என்று மறுபடி டெக்ஸ்ட் ஃபைல். ஒரு சுற்றுக்கு மூன்று நிமிடம், ஒரு நாளைக்கு 60 சுற்று என்று வையுங்கள், மூன்று மணி நேரம் போச்சு. டைல்டு என்ற இலவச எடிட்டரில் வரைந்து உங்கள் எஞ்சின் அதைப் படிக்கும்படி செய்ய ஒரு வாரம் ஆகலாம். எஞ்சின் மோசம் என்று உங்கள் டீமில் வரும் புகாரில் பாதி, எடிட்டர் இல்லாத புகாராகத்தான் இருக்கும்.

நண்பரிடம் பேசுவது உங்கள் வேலை, எனக்கு அவரைத் தெரியாது. ஒன்று மட்டும் சொல்கிறேன். புது எஞ்சினில் செய்து பார்க்கும் சோதனையைப் புதுப் பையனிடம் கொடுக்காதீர்கள். பையன் செய்தால் உங்கள் நண்பர் பத்துக் குறை கண்டுபிடிப்பார். அவரே செய்தால், உண்மையான மூன்று குறை எது என்று உங்களுக்கு வந்து சொல்வார்.

டெங்கு விஷயத்துக்கு எந்த எஞ்சினும் மருந்து இல்லை. 18 நாள் பில்ட் போகவில்லை என்றால், பில்ட் ஆவது அவருடைய லேப்டாப்பில் மட்டும் என்று அர்த்தம். ஸ்டீம் கணக்கில் நுழைய வரும் குறியீடும் அவர் போனுக்கே வருகிறது என்று நினைக்கிறேன். பழைய பி.சி. ஒன்றை மூலையில் வையுங்கள். திங்கட்கிழமை காலை, கடைசியாகச் சேர்ந்த பிள்ளையை அதன் முன் உட்காரவைத்து, வெறும் விண்டோஸிலிருந்து தொடங்கி ஒரு முழு பில்ட் எடுக்கச் சொல்லுங்கள். நண்பர் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்காரட்டும். கீபோர்டைத் தொடக் கூடாது. அவர் வாய் திறந்து சொல்லும் ஒவ்வொன்றையும் நீங்கள் ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.